பெருமாள் ஒலிபரப்பு

அந்த டிரைவரிடம் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் தம்பி. நான் சொல்லிப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு பிடிக்காமல் சொல்லவில்லை. நம் தலைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கர் உள்ளே கிழிந்திருக்கிறது. பாடுகிறவருக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறதே, உங்களுக்குக் கேட்கவில்லையா? சரி, விடுங்கள். எனக்குக் கேட்கும். நான் ரேடியோக்காரன்.

ரேடியோ விற்கிறவன் இல்லை. ரிப்பேர் பார்க்கிறவனும் இல்லை. ரேடியோவே எங்களுடையது. சிரிக்காதீர்கள். நீங்கள் நல்லாண்டிபுரத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? அங்கே இறங்கி, தலை நரைத்தவர் யாரிடமாவது பெருமாள் ஒலிபரப்பு என்று சொல்லிப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள். ஆனால் செல்லையா என்று என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். டீ கிடைக்காது.

பெருமாள் என் அப்பா. முதலில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊரில் பஸ் ஸ்டாண்ட் கட்டினபோது எந்த வண்டி எங்கே போகிறது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. அப்பா பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், நான் குழாய் கட்டிச் சொல்கிறேன், நடுநடுவே கடை விளம்பரம் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டார். சரி என்றார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. ஆகாயத்தில் வருகிற ரேடியோ இல்லை தம்பி, கம்பியில் போகிற ரேடியோ. பாத்திரக் கடை மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்கச் சாக்கு அடித்திருந்தார். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே பேசுவது வெளியே போகாது. அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட், காய்கறிச் சந்தை, மீன் கடை, பள்ளிவாசல் முக்கு என்று இடத்துக்கு இடம் கம்பத்தில் குழாய். நாங்கள் குழாய் என்போம், நீங்கள் ஸ்பீக்கர் என்பீர்கள். கம்பம் ஏறிக் கட்டினவன் யார்? நான். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திக் கம்பத்தில் ஏற்றிவிட்டார். தங்கச்சியைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்லாம் அங்கே ஆரம்பிக்கிறது.

காலையில் சாமி பாட்டு. மூன்று மதத்துக்கும் பாட்டு உண்டு, அதில் அப்பா கறாராக இருந்தார். பிறகு மிளகாய் வத்தல் விலை, பருத்தி விலை. பிறகு சினிமாப் பாட்டும் விளம்பரமும். யாராவது இறந்தால் பாட்டை நிறுத்திவிட்டு இறப்புச் செய்தி. காணாமல்போன பிள்ளை, காணாமல்போன ஆடு. ஊருக்கே அதுதான் ரேடியோ. ரேடியோக்கார வீடு என்றுதான் எங்களைச் சொன்னார்கள்.

அப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போன ஒரு மழைக்காலத்தில் நான் மைக்கில் பேசினேன். இரண்டு பஸ் சொல்லியிருப்பேன். அப்பா மாடிப்படி ஏறி வந்து, பேச முடியாத தொண்டையோடு கேட்டார்: "ஏல, நீ பஸ்ஸைச் சொல்லுதியா, ஏலம் விடுதியா?" கீழே பாத்திரக் கடைக்காரர் வரை சிரித்தார்கள். அந்த வாரமே தங்கச்சியைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்.

பேச்சியம்மாள் அவள் பெயர். அப்போது அவள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். அவன் வேறொருத்தியோடு ஊரைவிட்டே போய்விட்டான். அழுதுகொண்டு கிடக்கிறவள் ஒரு மாசம் பேசட்டும் என்று அப்பா சொன்னார். ஒரு மாசம் என்று உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நன்றாகத்தான் பேசினாள். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு தரம் மீன் கடை முக்கில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறான், பெயர் சொல்லத் தெரியவில்லை. அவள் மைக்கில் சொல்கிறாள்: "சிவப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன் இங்கே இருக்கிறான். பெயர் கேட்டால் அம்மா என்கிறான். எந்த அம்மா என்று கேட்டால் எங்க அம்மா என்கிறான். அந்த எங்க அம்மா சீக்கிரம் வரவும், முறுக்கு தீரப் போகிறது." சந்தையே சிரித்தது. பெற்றவள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். இப்படிப் பேசுவாள். கடைக்காரர்கள் எங்கள் விளம்பரத்தையும் அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும் என்றார்கள். குழாய் கரகரவென்றால் மட்டும் என் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

எனக்குப் பொறாமை என்று நினைக்கிறீர்களா? கம்பம் ஏறுகிறவனுக்கு என்ன பொறாமை. எனக்கு இருந்தது கவலை. வீட்டுப் பெண்ணின் குரல் மீன் கடையில் கேட்கிறது. சாராயக் கடை வாசலில் கேட்கிறது. ஓர் அண்ணனுக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் அப்பா கை கால் விழுந்து படுத்துவிட்டார். வீட்டில் அவர் கட்டிலுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்தேன். காலை முதல் ராத்திரி வரை மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளைப் பார்க்க ராஜபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல இடம். எல்லாம் பேசி முடியப் போகிற நேரம், மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: "பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது ஒரு பொண்ணு பேசிட்டு இருந்துச்சே, அது உங்க தங்கச்சியாமே?" கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் தம்பி? நீங்களே சொல்லுங்கள். என் பெண்டாட்டி, அது சந்தோஷத்தில் சிரித்தது என்றாள். அவளுக்கு என்ன தெரியும். அவர்களை அனுப்பிவிட்டு நேராக மாடி அறைக்குப் போனேன்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். இதைத்தான் யாரும் கேட்பதே இல்லை.

அறையில் மைக்குக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. ஸ்விட்ச் போட்டால் சிவப்பு பல்பு எரியும். பல்பு எரிந்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டு ஓடும்போது ஸ்விட்சை அமர்த்திவிடுவோம். அந்த பல்பு அப்போது எரியவில்லை. சில நாளாகவே ப்யூஸ். அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், அண்ணே பல்பை மாத்து, அண்ணே பல்பை மாத்து என்று. எனக்கு ஒரு வேலையா, நூறு வேலை. ஸ்விட்சும் கொஞ்சம் ஆட்டம். தும்மினால் கூடத் தானே போட்டுக்கொள்ளும் என்று கேலி பண்ணுவாள். அதையும் மாற்றுவதாகத்தான் இருந்தேன். அதெல்லாம் முக்கியம் இல்லை. முக்கியம் என்னவென்றால், நான் உள்ளே போனபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் அமர்ந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம்" என்றேன்.

"ஏன்ணே?"

"என் மகளுக்குக் கல்யாணம் ஆகணும். எம் மச்சினன் பேசட்டும்."

"உம் மச்சினனுக்குத் திக்குவாய்லா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அப்பா குடுத்த வேலை. அப்பா சொன்னா எந்திரிக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையில் ஓங்கி அடித்தேன். அடித்துவிட்டுப் பேசினேன்.

என்ன பேசினேன் என்று கேட்கிறீர்களா? அண்ணன் தங்கச்சிக்குள் ஆயிரம் இருக்கும். அது எதற்கு உங்களுக்கு. சரி, அரைகுறையாகச் சொன்னால் நீங்கள் இன்னும் மோசமாக நினைப்பீர்கள். "உன் குரலுக்கா கடைக்காரன் விளம்பரம் தாரான்? புருஷன் இல்லாதவ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதா, அதுக்குத் தாரான். உன்னை ஒருத்தன் சும்மாவா விட்டுட்டுப் போனான்" என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். யார் யார் கடை என்று பெயர் சொல்லிக்கூடச் சொன்னேன். அது வேண்டாம். பஸ்ஸில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாட்டு எப்போதோ முடிந்து கேசட் நின்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அந்த அறையில் அத்தனை சாக்கு. வெளியே என்ன கேட்கிறது என்று உள்ளே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

படி இறங்கிக் கீழே வந்தேன். கடைத்தெரு நின்றுகொண்டிருந்தது. அப்படித்தான் சொல்ல முடியும், நின்றுகொண்டிருந்தது. டீ மாஸ்டர் ஆற்றின கிளாஸைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். தராசில் வைத்த தக்காளி தராசிலேயே இருக்கிறது. எல்லோரும் குழாயை அண்ணாந்து பார்க்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள். யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கொத்தமல்லி விற்கிற கிழவி ஒருத்திதான் வாயைத் திறந்தாள்: "செல்லையா, ஒரு வாரமாக் கரகரன்னு கிடந்த குழாய் இன்னைக்குத் தெளிவாக் கேட்டுச்சுய்யா. நல்ல வேலைக்காரன்தான் நீ."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காது இரண்டும் அடைத்துப்போயிற்று. அடைத்த காதுக்குள் மேலேயிருந்து அவள் குரல் வருகிறது. "ராஜபாளையம் செல்லும் பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். பயணிகள் ஏறி அமரவும்." ஒரு நடுக்கம் இல்லை. தினமும் சொல்கிற மாதிரியே சொன்னாள். அந்தப் பஸ்ஸில்தான் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

தரகர் மறுநாள் வந்து சொன்னார், "கூடப் பெறந்தவளையே இப்படிப் பேசுத வீட்டுல பொண்ணு எடுத்தா நாளைக்கு நம்மள என்ன பேசுவாகன்னு கேக்காக அண்ணாச்சி" என்று. பாருங்கள், அவளால் என் மகளுக்கு வந்த நல்ல இடம் போயிற்று.

அவள்தான் ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள். வேறு யார்? அறையில் இருந்தது இரண்டு பேர். நான் போடவில்லை. அப்படியானால் யார் போட்டது? எத்தனையோ வருஷமாக இதைத்தான் கேட்கிறேன். ஊரில் ஒருவன் பதில் சொல்லவில்லை. என் பெண்டாட்டி சாகிற வரை சொல்லவில்லை. மகன் மட்டும் ஒரு நாள், "நீங்க மேசையில அடிச்சீங்கல்லா" என்றான். அடித்தால் என்ன? மேசையில் அடித்ததற்கும் ஸ்விட்சுக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்கு அத்தை மேல் பாசம், அதனால் அப்படிப் பேசுகிறான்.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு வரைக்கும் போட்டு முடித்துவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். என் கையில் தரவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா முழித்துக்கொண்டு கிடந்தார். நான் மறந்தே போயிருந்தேன் தம்பி, கட்டிலுக்கு மேலே பெட்டி இருந்ததை. என்னைப் பார்த்துவிட்டு, விளங்காத வாயால் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பெட்டியைக் கழட்டிரு."

"ஏம்ப்பா, நல்லாத்தானே பேசுது?"

"கேட்டது போதும்."

கழற்றினேன். ஸ்டூல் போட்டு ஏறி, அவர் என்னைப் பார்க்கப் பார்க்கக் கழற்றினேன். கை தவறி ஒரு திருகாணி கீழே அவர் போர்வையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசினது, தண்ணி, மருந்து, அவ்வளவுதான்.

நீங்கள் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் கொடுங்கள். அண்ணாந்துதான் குடிப்பேன், வாய் வைக்க மாட்டேன்.

ஒலிபரப்பை நான் விடவில்லை. மச்சினன் இரண்டு நாள் திக்கிவிட்டு ஓடிப்போனான். நானே பேசினேன். விளம்பரம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு நாள் சந்தைப் பக்கம் போனால் சத்தம் அமுங்கிக் கேட்கிறது. கம்பம் ஏறிப் பார்த்தேன். குழாய் வாயில் சாக்கைத் திணித்து வைத்திருக்கிறார்கள். எடுத்துப் போட்டேன். மறுநாளும் இருந்தது. கீழே வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், யார் திணித்தது என்று. நான் ஏறும்போது ஒருவரும் மேலே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. சாக்குக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பா போனது அடுத்த மழைக்காலம். ஊரில் எல்லோர் சாவையும் சொன்ன மனிதர், அவர் சாவைச் சொல்ல வேண்டாமா? அறைக்குப் போனேன். ஸ்விட்சைப் போட்டேன். பேச வரவில்லை. ஊரெல்லாம் என் மூச்சு கேட்டிருக்கும்.

அவள் ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் எழுந்துகொண்டேன். மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "பெருமாள் ஒலிபரப்பின் உரிமையாளர் பெருமாள் அவர்கள் இன்று காலை காலமானார். அன்னார் செல்லையா அவர்களின் தகப்பனார் ஆவார்" என்றாள். இரண்டு தரம் வாசித்தாள். அவ்வளவுதான். தன் பெயரைச் சொல்லவில்லை தம்பி. மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றே சொல்லவில்லை. என் பெயரை மட்டும், அதுவும் அவர்கள் என்று மரியாதை போட்டு.

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். ஊரே சிரிக்கட்டும் என்றுதானே அப்படிச் சொன்னாள்? வேறு எதற்குச் சொல்வாள்?

சந்தையில் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். சாக்குக்குள்ளிருந்து அவள் குரல் வந்ததும் ஒருவன் கம்பத்தில் ஏறிச் சாக்கைப் பிடுங்கி எறிந்தானாம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்களாம்.

அதோடு முடிந்தது. குழாய்களை நானே இறக்கினேன். கம்பியை எடைக்குப் போட்டேன். ராஜபாளையத்தில் மகனோடு வந்து சேர்ந்துவிட்டேன். அவள் அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். ஜாக்கெட் தைக்கிறாள். கடைக்குப் போனால் கூடப் பேசுவதில்லையாம். பருப்பு வேண்டும் என்றால் பருப்பைக் காட்டுகிறாள், விரலால் அளவு காட்டுகிறாள். ஊருக்கே பேசினவள். திமிர்தானே அது? திமிர் என்றுதான் நான் சொல்கிறேன். மகனிடம் அப்படிச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

இந்த மஞ்சள் பை என்ன என்று பார்க்கிறீர்களா? பேத்திக்குக் கல்யாணம். மகனுடைய மகள். எங்கள் வழக்கத்தில் சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை வீட்டில் பிறந்த பெண்ணுக்கு. கூடப் பிறந்தவன் கையால் கொண்டுபோய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, புடவையோடு வைக்க வேண்டும். போன வாரமே கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். திரும்பிப் போய் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றேன். மகன் அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டான், அவனோடு மட்டும் பேசுவாள். அவள் வாசலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாளாம். என்னைப் பார்த்தாளா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நீங்களே போய் வச்சிட்டு வாங்கப்பா. இல்லைன்னா மணவறைப் பக்கம் நீங்க வர வேண்டாம்" என்றான். பெற்ற அப்பனிடம். பேத்தி பக்கத்தில் நிற்கிறாள், இந்தப் பையை எடுத்து என் கையில் கொடுக்கிறாள். என் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை.

அதனால் தம்பி, ஓர் உதவி. நீங்கள் அங்கேதானே இறங்குகிறீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிர்ச் சந்து, இரண்டாவது வீடு, பச்சைக் கதவு. பையைக் கொடுத்துவிட்டு, ராஜபாளையத்திலிருந்து கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், போதும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். நான் இறங்கவில்லை. டிக்கெட்டே திருநெல்வேலிக்குத்தான் எடுத்திருக்கிறேன். அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன். பத்திரிகை வைத்தாயிற்று என்றால் பொய்யும் இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தக் கடைத்தெருவைத் தாண்டி, அந்த ஜனங்களைத் தாண்டி நான் எப்படிப் போவேன்? இன்னும் அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அதுகூடப் பெரிதில்லை. பச்சைக் கதவு. அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே வாங்கண்ணே என்று சொல்லிவிட்டால்? திட்டினால் திரும்பி வந்துவிடலாம். உள்ளே வா என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய?

ஊர் வந்துவிட்டது. மெதுவாக இறங்குங்கள். பையை இரண்டு கையாலும் பிடியுங்கள், உள்ளே தேங்காய் இருக்கிறது. ரொம்ப நன்றி தம்பி, நீங்கள் நல்லா இருக்கணும்.

ஏன் இந்த ஜன்னல் பக்கம் வருகிறீர்கள்? சந்து அந்தப் பக்கம். என்னது? நானும் வந்தால்தான் கொண்டுபோவீர்களா? விளையாடாதீர்கள், வண்டி கிளம்பப் போகிறது. இவ்வளவு நேரம் எல்லாம் சொன்னேனே. ஏன் குனிகிறீர்கள்? தம்பி, கீழே வைக்காதீர்கள். சாமிக்கு வைத்து எடுத்த பத்திரிகை அது. புடவை இருக்கிறது. மண்ணில் வைக்கக் கூடாது.

வைத்துவிட்டீர்களே.

கண்டக்டர், விசில் கொடுத்துவிடாதீங்க, ஆள் இறங்கணும். ஆமாம், திருநெல்வேலி டிக்கெட்தான், இருக்கட்டும். கொஞ்சம் வழி விடுங்கம்மா, கால் மரத்துக் கிடக்கு. தம்பி, நில்லுங்கள், எடுத்துக்கொண்டேன், பையை எடுத்துக்கொண்டேன். நீங்கள் போய்விடாதீர்கள். அந்த வாசலில் நின்று முதலில் என்ன சொல்ல வேண்டும், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.